இரண்டாம் சரணத்துக்கு முன் ஒரு செருமல்

நாலு பேர் இருக்கும் இடத்தில் எனக்குத் தொண்டையைச் செரும வராது. ஜலதோஷம் பிடித்தால் எழுந்து பின்கட்டுக்குப் போய்விடுவேன். பஸ்ஸில் என்றால் புடவைத் தலைப்பை வாயில் அமுக்கிக்கொண்டு, கண்ணில் நீர் முட்ட உட்கார்ந்திருப்பேன். டாக்டர் முதுகில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து "எங்கே, இருமுங்க" என்றால்கூட அக்கம்பக்கம் பார்த்துவிட்டுத்தான் இருமுவேன். என் பிள்ளைகளுக்கு இது பெரிய வேடிக்கை. காரணத்தை நான் அவர்களிடம் சொன்னதில்லை. சொல்லிக்கொள்கிற மாதிரியான காரணமா அது?

அப்பா ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஒன்றில் ஃபிட்டர். குவார்ட்டர்ஸில் வளர்ந்தேன். ஒரு சுவரை இரண்டு வீடு பங்குபோட்டுக்கொள்ளும் வரிசை வீடுகள். யார் வீட்டில் என்ன குழம்பு என்று மூக்குக்குத் தெரியும், என்ன சண்டை என்று காதுக்குத் தெரியும். நாங்கள் திருநெல்வேலிப் பக்கம். எதிர் வரிசையில் தஞ்சாவூர், கோடியில் தர்மபுரி என்று தமிழ்நாடே அங்கே குடியிருந்தது. எங்களோடு சுவரைப் பங்குபோட்ட வீடு மட்டும் உள்ளூர். திருமழிசையில் நிலம் வைத்திருந்த குடும்பத்திலிருந்து தொழிற்சாலை வேலைக்கு வந்தவர், அவர் மனைவி, அவர்களுடைய ஒரே பெண். அந்தப் பெண்ணுக்கு அப்போது ஆறேழு வயது இருக்கும். முன்பல் விழுந்திருந்தது.

எண்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் வரிசையில் பாட்டு ஒரு தொற்றுநோய்போலப் பரவியது. தஞ்சாவூர் வீட்டுப் பெண்ணைப் பார்க்க வந்தவர்கள் அவள் பாடியதைக் கேட்டு அங்கேயே தாம்பூலம் மாற்றிவிட்டுப் போனார்கள். அந்தப் பெண் சின்ன வயதிலிருந்து பாட்டுக் கற்றவள் என்பதையெல்லாம் யார் யோசித்தார்கள்? பெண் வைத்திருந்த அம்மாக்கள் எல்லோருக்கும் உடனே ஒரு பாட்டு தேவைப்பட்டது. என் அம்மாவும் கோயில் பஜனையில் பாடுகிற ஓர் அம்மாளைப் பிடித்து எனக்கு ஒரு முருகன் பாட்டைக் கற்றுக்கொடுக்கச் செய்தாள். ஒரே ஒரு பாட்டு. ஒரு பல்லவி, மூன்று சரணம். இதைவிட்டால் எனக்கு வேறு பாட்டு தெரியாது.

குரல் எனக்கு அப்படியொன்றும் மோசமில்லை. கேடு வேறிடத்தில் இருந்தது. நான் மறதிக்காரி. துவரம்பருப்பு வாங்கப் போய்ச் சொட்டுநீலத்தோடு திரும்பி வந்தவள். பள்ளிக்கூட விழாவில் வரவேற்புரை சொல்ல மேடையேறி, "அனைவருக்கும்" என்பதோடு நின்று, வணக்கத்தைக் கையால் மட்டும் போட்டுவிட்டு இறங்கியவள். நாலு கண் என்னைப் பார்த்தால் போதும், மண்டைக்குள் இருப்பதெல்லாம் வடிந்துவிடும்.

முதல் முறை பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் அதுதான் நடந்தது. பல்லவி வந்தது. முதல் சரணமும் வந்தது. இரண்டாம் சரணம் வரவில்லை. தொண்டையைச் செருமிப் பார்த்தேன். வரவில்லை. இன்னொரு தடவை செருமினேன். கேசரித் தட்டை மடியில் வைத்திருந்த பெரியவர் ஒருவர், "போதும்மா, நல்லாத்தான் பாடுற" என்றார். ஊசி போட வந்த குழந்தையை ஆறுதல் சொல்லி அனுப்புகிற குரல். ஊருக்குப் போய்க் கடிதம் போடுவதாகச் சொன்னார்கள். அப்படிச் சொல்லிவிட்டுப் போனவர்கள் யாரும் கடிதம் போட்டதாகச் சரித்திரம் இல்லை.

அம்மா அழுதாள். அப்பா அழவில்லை. அவருக்கு இது பழுது பார்க்க வேண்டிய ஒரு சாமான், அவ்வளவுதான்.

"மனசுதான் மறக்கும்ட்டி. வாய் மறக்காது" என்றார். "வாயிக்குப் பழகிட்டா அதுபாட்டுக்கு ஓடும்."

அவருக்கு அதில் அசைக்க முடியாத நம்பிக்கை. பயிற்சிக்குச் சேர்ந்த வயதில் கையில் ஓர் இரும்புத் துண்டைக் கொடுத்து, நாலு பக்கமும் மட்டமாக வரும்வரை அரத்தால் தேய் என்று விட்டுவிட்டார்களாம். மாதக்கணக்கில் தேய்த்தாராம். உள்ளங்கை காய்த்து, கனவிலும் கை முன்னும் பின்னும் ஆடியதாம். அதன்பிறகு கண்ணை மூடிக்கொண்டு தேய்த்தாலும் மட்டம் தவறாதாம். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்று மற்றவர்கள் பேச்சுக்குச் சொல்வார்கள். அப்பா அதை நடத்திக் காட்டியவர். இப்போது அம்மி நான்.

தினமும் சாயங்காலம் தொழிற்சாலையில் சங்கு ஊதும். அப்பாவின் சைக்கிள் வாசலுக்கு வரும். கை கால் கழுவி, காபி குடித்துவிட்டு, இரும்பு நாற்காலியைக் கூடத்தின் நடுவில் இழுத்துப் போட்டு உட்கார்வார். மாப்பிள்ளை வீட்டார் உட்காரும் இடம் அது. நான் எதிரே பாயில். மாப்பிள்ளை வீட்டார்போலவே முறைத்துப் பார்ப்பார், எனக்குக் கூச்சம் தெளிய வேண்டுமாம். டிபன் கேரியர் மூடியை முழங்காலில் வைத்து விரலால் தாளம் போடுவார். ஓர் எழுத்து தட்டினாலும் தாளம் நின்றுவிடும்.

"ம்ஹூம். முதல்லருந்து வா."

இந்த இரண்டு வார்த்தையைக் கேட்டுக் கேட்டு எனக்கு முருகன் மேலேயே கசப்பு வந்துவிட்டது. தப்பு எங்கே விழுந்ததோ அங்கிருந்து தொடர விடமாட்டார். மூன்றாம் சரணத்தின் கடைசி வரியில் சறுக்கினாலும் பல்லவிக்குத்தான் திரும்ப வேண்டும். அதனால் பல்லவி எனக்கு இரும்பு மாதிரி ஆகிவிட்டது. முதல் சரணமும் அப்படியே. இரண்டாம் சரணத்தின் வாசலில்தான் தினமும் முட்டிக்கொண்டு நின்றேன். அங்கே வந்ததும் என் தொண்டை தானாக ஒரு செருமல் செருமும். முதல் நாள் அவமானத்தின் மிச்சம் அது. ஒருநாள் அந்தச் செருமலுக்குப் பின்னாலேயே இரண்டாம் சரணம் தடையில்லாமல் வந்துவிட்டது. மறுநாளும் வந்தது. செருமலை அடக்கிக்கொண்டு பாடிய நாளில் வரவில்லை.

வேறு யாராக இருந்தாலும் அந்தக் கெட்ட பழக்கத்தை விடச் சொல்லியிருப்பார்கள். என் அப்பா முகம் மலர்ந்தார்.

"அது டோவல் பின்னுட்டி!" என்றார். "ரெண்டு இரும்ப ஒண்ணுமேல ஒண்ணு வச்சு முடுக்குறதுக்கு முன்னால, ஓட்டையில ஒரு பின்ன இறக்குவோம். அது இறங்கிட்டா ரெண்டும் நூல் பிசகாம உக்காரும். நீ செருமு. அந்த எடம் வந்ததும் ஒரே ஒரு செருமல், அளவா, எப்பவும் ஒரே மாதிரி. சரணம் தானா வந்து உக்காந்துக்கிடும்."

அப்படித்தான் என் பாட்டில் செருமல் ஓர் அங்கமாகச் சேர்ந்தது. அதற்கும் தாளம் உண்டு. முதல் சரணம், மூடியில் இரண்டு தட்டு, செருமல், இரண்டாம் சரணம். அப்பா சொன்னது பலித்தது என்பதையும் சொல்ல வேண்டும். சில மாதத்தில் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பாடுவேன். அரிசி களைந்துகொண்டே பாடினேன், மண்ணெண்ணெய் வரிசையில் நின்றுகொண்டு மனதுக்குள் பாடினேன். பாட்டு மட்டுமல்ல, மற்ற மறதியும் கொஞ்சம் குறைந்தது. கடைக்குப் போனால் சொன்னதை வாங்கி வந்தேன். வேறொரு காலத்தில், வேறொரு காரியத்துக்காக நடந்திருந்தால் இதை நான் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருப்பேன்.

பாட்டை மனப்பாடம் செய்தது நான் மட்டுமல்ல. அதை யாரும் யோசிக்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கமும் எதிர் வரிசையும் தினமும் சாயங்காலம் அதைக் கேட்டுக்கொண்டிருந்தன. முதலில் பிள்ளைகளுக்கு வந்தது. தெருவில் கட்டம் போட்டுப் பாண்டி ஆடும்போது சில்லைத் தள்ளிக்கொண்டே பாடுவார்கள். செருமல் வரும் இடத்தில் ஒற்றைக் காலில் நின்று, எல்லோரும் சேர்ந்து ஒரு செருமல். பக்கத்து வீட்டுச் சின்னப்பெண்தான் அதில் முதல். விழுந்த பல்லின் இடைவெளி வழியே காற்று வர, கண்ணை மூடிக்கொண்டு உருகிப் பாடுவாள். என்னைக் கேலி செய்கிறாள் என்று எனக்கு உள்ளம் கொதிக்கும். அவள் அம்மா சட்டியைக் கழுவிக்கொண்டே சிரிப்பாள்.

"இன்னாமே, உன் பாட்ட என் பொண்ணு பாடிகினே தூங்குது!" என்பாள். என்னைச் சந்தோஷப்படுத்துவதாக நினைத்துத்தான் சொன்னாள்.

பிள்ளைகளிடமிருந்து வாலிபர்களுக்குப் போனது. நான் பஸ் ஸ்டாப்பில் நின்றால் டீக்கடைப் பெஞ்சிலிருந்து ஒரு செருமல் வரும். அளவாக, அப்பா கற்றுக்கொடுத்த அதே அளவில். பாட்டுகூடப் பாடமாட்டார்கள். செருமல் மட்டும். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? ஒவ்வொரு செருமலுக்கும் என் காது மடல் சுடும். வீட்டில் சொல்லவும் முடியவில்லை. சொன்னால் அப்பா சண்டைக்குப் போவார். எதற்குச் சண்டை என்று நாலு பேர் கேட்பார்கள். இருமினார்கள் என்பதற்காக யாராவது சண்டைக்குப் போவார்களா?

இதற்கு நடுவில் மாப்பிள்ளை வீட்டார் வந்துகொண்டும் இருந்தார்கள், போய்க்கொண்டும் இருந்தார்கள். ஒவ்வொருவர் முன்னாலும் நான் ஓர் எழுத்து பிசகாமல் பாடினேன். ஒரு வீட்டுக்கு ஜாதகம் பொருந்தவில்லை, ஒரு வீட்டுக்கு நிறம் பொருந்தவில்லை, ஒரு வீட்டுக்கு என்ன பொருந்தவில்லை என்றே தெரியவில்லை. பாட்டு பொருந்தவில்லை என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. அப்பாவுக்கு அதில் திருப்தி. "நம்ம வேலையில கொற இல்லட்டி" என்பார். எனக்கோ, தெருவில் காதுள்ளவர்கள் எல்லோருக்கும் நான் எத்தனை தடவை வேண்டாம் என்று தள்ளப்பட்டேன் என்பது தெரியுமே என்ற எண்ணம்தான். வேளை கெட்ட வேளையில் எங்கள் வீட்டிலிருந்து பாட்டு கேட்டால், யாரோ பார்க்க வந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். மறுநாள் அம்மா குழாயடிக்குத் தலையைக் குனிந்துகொண்டு போனால், சரிப்படவில்லை என்று அர்த்தம்.

பிறகு பூந்தமல்லியிலிருந்து ஓர் இடம் வந்தது. பையன் அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை. அதுவரை வந்தவர்களின் முகம் எதுவும் எனக்கு நினைவில் தங்கியதில்லை. இவரைப் பார்த்ததும் பிடித்துவிட்டது. பெரிய காரணம் ஒன்றும் இல்லை. காபி குடித்த டம்ளரை, யாராவது வந்து வாங்கிக்கொள்ளட்டும் என்று நீட்டிக்கொண்டிருக்காமல், தானே குனிந்து சுவரோரமாக வைத்தார். வைத்துவிட்டு, தட்டிவிடாத தூரமா என்று ஒரு தடவை பார்த்தார். இந்த இடம் அமைய வேண்டும் என்று முதன்முதலாக நான் ஆசைப்பட்டேன். அந்த ஆசையோடு பாயில் உட்கார்ந்தேன்.

அவருடைய அம்மா நல்ல மாதிரி. நான் பாயின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டார்.

"பயப்படாதம்மா. ஒரு வாய் தண்ணி குடி. தொண்டையைச் செருமிக்கிட்டு நிதானமா ஆரம்பி" என்றார்.

பெரியவர்கள் சொன்னால் தட்டக் கூடாதே. தண்ணீர் குடித்தேன். தொண்டையைச் செருமினேன். அளவாக, ஒரே ஒரு செருமல்.

என் வாயிலிருந்து இரண்டாம் சரணம் வந்தது.

பல்லவியைக் காணோம். முதல் சரணத்தைக் காணோம். எடுத்த எடுப்பில் இரண்டாம் சரணத்தின் உச்ச ஸ்தாயி. மாடியே இல்லாத வீட்டில் மாடிப்படி ஏறினதுபோல ஒரு வரி பாடிவிட்டுத் திகைத்து நின்றேன். அப்பாவைப் பார்த்தேன். மூடி இல்லாத முழங்காலில் அவர் விரல்கள் இரண்டு தட்டுத் தட்டின. அது உதவவில்லை. திரும்ப ஆரம்பிக்கலாம் என்றால், இரும்பு மாதிரி இருந்த பல்லவி எங்கே போனதென்றே தெரியவில்லை.

அப்போது ஜன்னலில் ஒரு குரல் கேட்டது. பக்கத்து வீட்டுச் சின்னப்பெண். செங்கல்லின் மேல் ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு, பல்லவியிலிருந்து கணீரென்று எடுத்தாள். தெருவில் பாண்டி ஆடிக்கொண்டிருந்த மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். பல்லவி முடிந்தது, முதல் சரணம் முடிந்தது. இரண்டு தட்டு இடைவெளி விட்டு, தெருவே ஒன்றாகச் செருமியது. பிறகு இரண்டாம் சரணம்.

யாரோ ஒருவர் சிரித்துவிட்டு அடக்கிக்கொண்டார். பையனின் அம்மா சிரிக்கவில்லை. உண்மையிலேயே ஆச்சரியப்பட்டுத்தான் கேட்டார்.

"ஏம்மா, இந்தத் தெருவுக்கே இந்தப் பாட்டு தெரியுதே. எங்களுக்கு முன்னாடி நெறைய பேர் வந்து கேட்டுட்டுப் போயிட்டாங்களோ?"

எதற்கும் பதில் வைத்திருக்கும் என் அப்பா எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினார். பாட்டு மரக்கதவையும் தாண்டி வந்துகொண்டிருந்தது. மூன்றாம் சரணமும் முடிந்து, பல்லவிக்குத் திரும்பி, ஒழுங்காக முடித்துவிட்டுத்தான் போனார்கள். முடியும்வரை நாங்கள் எல்லோரும் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தோம். பூந்தமல்லி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று அவர்கள் எழுந்தார்கள். டம்ளரைச் சுவரோரம் வைத்தவர் செருப்பை மாட்டும்போது என்னை ஒரு தடவை பார்த்தார். அந்தப் பார்வையில் இருந்தது இரக்கம். அது இல்லாமல் போயிருந்தால் தேவலை என்று இருந்தது.

அன்றைக்குப் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு நல்ல அடி விழுந்தது. சுவர் வழியாக எல்லாம் கேட்டது. பிறகு அவள் அம்மா அவளைத் தரதரவென்று இழுத்து வந்து எங்கள் வாசலில் நிறுத்தி, "மன்னாப்பு கேளு" என்றாள். அந்தப் பெண் விக்கிக்கொண்டே என்னைப் பார்த்தாள். நான் உள்ளே போய்விட்டேன்.

மறுநாள் சங்கு ஊதியது. அப்பா வந்தார், காபி குடித்தார். நாற்காலியை இழுக்கவில்லை. வாசலில் போய் நின்றுகொண்டார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் "முதல்லருந்து வா" என்ற சொல் கேட்டதே இல்லை. என்னைவிட அவருக்குத்தான் வெட்கம் அதிகமாக இருந்ததோ என்று இப்போது தோன்றுகிறது. தான் தேய்த்த இரும்பு தன் கண்முன்னாலேயே கோணிப்போனால் ஒரு ஃபிட்டருக்கு எப்படி இருக்கும்? அப்போது எனக்கு அதையெல்லாம் நினைக்க மனம் இல்லை. பாட்டை மறந்துவிட வேண்டும், அது ஒன்றுதான் குறி. பழகுவதற்கு அப்பா வழி சொன்னார். மறப்பதற்கு வழி சொல்ல ஆளில்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் அது தானாக உள்ளே ஓடத் தொடங்கும். பல்லவி, முதல் சரணம், அப்புறம் அந்த இடம். அங்கே வரும்முன் நான் வேறு எதையாவது நினைத்துக்கொள்வேன்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஓர் ஏற்றுமதித் துணிக் கம்பெனியில் தையலுக்குச் சேர்ந்தேன். தையல் இயந்திரச் சத்தத்தில் யார் செருமினாலும் கேட்காது, அது ஒரு சௌகரியம். கொஞ்ச வருடம் கழித்துக் கல்யாணமும் நடந்தது. அவர்கள் வீட்டில் பாட்டெல்லாம் கேட்கவில்லை. எனக்குப் பாடத் தெரியும் என்றே என் வீட்டுக்காரருக்குத் தெரியாது. என் குழந்தைகளைக்கூட நான் பாடித் தூங்க வைத்ததில்லை, தட்டித்தான் தூங்க வைத்தேன்.

தொண்ணூறுகளின் நடுவில், அப்பா ஓய்வு பெறப்போகும் சமயம், ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளோடு ஆவடிக்குப் போயிருந்தேன். பக்கத்து வீட்டுப் பெண்ணைப் பார்க்க அன்று ஆள் வருகிறார்கள். நான் வந்திருப்பது தெரிந்து அவள் அம்மா ஓடி வந்தாள்.

"நல்ல நேரத்துல வந்த. பஜ்ஜி போட ஆளே இல்ல. வந்து கொஞ்சம் நில்லு கண்ணு. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல" என்றாள்.

அந்த வீட்டுக் கூடத்தில் ஒரு பெண் பார்க்கும் சடங்கு என்றதும் சாக்கு ஏதாவது சொல்லித் தப்பிக்கலாமா என்று பார்த்தேன். ஆனாலும் போனேன். சமையல்கட்டில் எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நின்றுகொண்டால் யாரையும் பார்க்க வேண்டியதில்லை.

அதற்குள் பாட்டெல்லாம் கேட்பது நின்றுபோயிருந்தது. பெண் என்ன படித்திருக்கிறாள், கம்ப்யூட்டர் தெரியுமா என்றுதான் கேட்பார்கள். ஆனால் வந்தவர்களில் மாப்பிள்ளையின் அத்தை ஒருவர் பழைய மாதிரி. "பாட்டு ஏதாச்சும் தெரியுமாம்மா?" என்று கேட்டுவிட்டார். அந்தப் பெண் பாட்டு எதையும் தயார் செய்து வைத்திருக்கவில்லை.

பிறகு அவள் பாடினாள். என் பாட்டை.

என் கையில் மாவு தோய்ந்த வாழைக்காய்த் துண்டு இருந்தது. அப்படியே நின்றேன். முன்பல் முளைத்து, குரல் திரண்டு, அந்தப் பாட்டை நான் பாடியதைவிட நன்றாகவே பாடினாள். பல்லவி முடிந்தது. முதல் சரணம் முடிந்தது. இரண்டு தட்டு இடைவெளி. அளவாக, ஒரே ஒரு செருமல். அப்புறம் இரண்டாம் சரணம்.

சமையல்கட்டில் என்னோடு இருந்த எதிர்வீட்டு அம்மா சட்டென்று என்னைப் பார்த்துவிட்டுப் பார்வையை அடுப்புப் பக்கம் திருப்பிக்கொண்டார். தெரிந்தவர்களுக்கு எல்லாம் தெரியும். இத்தனை வருடத்துக்கு அப்புறமும் காது மடல் அதே மாதிரி சுட்டது. கூடத்தில் அத்தை, "நல்லாருக்கு. யாரு கத்துக்குடுத்தாங்க?" என்று கேட்டது காதில் விழுந்தது.

"பக்கத்தூட்டு அக்கா" என்றாள் அவள். "உள்ளதான் கீறாங்க. அக்கா, இங்க வாயேன்!"

போகாமல் இருக்க முடியவில்லை. மாவுக் கையோடு சமையல்கட்டு வாசற்படியில் போய் நின்றேன். அத்தை என்னைப் பார்த்துச் சிரித்து, "நீயும் ரெண்டு வரி பாடும்மா, கேப்போம்" என்றார். எனக்கு மறந்துபோச்சு என்றேன். பொய்.

"மறக்கறதாவது!" என்றாள் அந்தப் பெண். பட்டுப்புடவையில் இருந்தும் பாண்டி ஆடின நாள் குரல்தான் வந்தது. "டெய்லி உன் பாட்டக் கேட்டுகினேதான்க்கா நான் சோறு துன்னேன். அந்த எடத்துல நீ தொண்டய ஒண்ணு செருமுவ பாரு, அது எனக்கு ரொம்பப் புடிக்கும். பாட்டே அப்டித்தான்னு நென்ச்சுகினு நானும் அப்டியே பழகிட்டேன்."

கேலி என்று நான் நினைத்துக் கொதித்ததெல்லாம் இதுதானா? அன்றைக்கு ஜன்னலில் தொங்கிக்கொண்டு பாடியதுகூட, நான் தடம் மாறிவிட்டேன் என்று எடுத்துக்கொடுக்கத்தானா? அதற்கா அடி வாங்கினாள்? அங்கே கேட்க முடியாது. பாடிவிட்டால் விட்டுவிடுவார்கள் என்று பாடத் தொடங்கினேன்.

பல்லவி அப்படியே இருந்தது. முதல் சரணமும் அப்படியே. துருகூடப் பிடிக்கவில்லை. அந்த இடம் வந்தது. எதிர்வீட்டு அம்மா பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் இரண்டு மூன்று பழைய முகங்கள் பார்த்துக்கொண்டிருந்தன. என் தொண்டை தானாக எழும்பியது. வெட்கத்தில் அதை அப்படியே விழுங்கினேன்.

அவ்வளவுதான். இரண்டாம் சரணம் போய்விட்டது. வாயைத் திறந்தபடி நின்றேன், இருபது வயதில் நின்ற மாதிரியே.

பாயில் உட்கார்ந்திருந்த அந்தப் பெண் தலையை நிமிர்த்தவில்லை. மாப்பிள்ளை வீட்டார் எதிரில், குனிந்த தலை குனிந்தபடி, அவள் தொண்டையைச் செருமினாள். அளவாக, ஒரே ஒரு செருமல்.

சரணம் தானாக வந்து உட்கார்ந்தது. பாடி முடித்தேன். யாரும் சிரிக்கவில்லை. அத்தை, "எண்ணெய் காயுது பாரும்மா" என்றார். உள்ளே போனேன். பஜ்ஜி கருகியிருந்தது. பாட்டினால் இல்லை, பையனுக்கும் அவளுக்கும் பிடித்துப்போனதால் அந்த இடமே அவளுக்கு அமைந்தது.

வேலையை முடித்துக்கொண்டு எங்கள் வீட்டுக்குள் வந்தேன். கூடத்தில் அப்பா மட்டும் இருந்தார். பொதுச் சுவருக்குப் பக்கத்தில் அந்த இரும்பு நாற்காலியை நகர்த்திப் போட்டு உட்கார்ந்திருந்தார். ரேடியோவை அணைத்திருந்தார். முகத்தைப் பார்த்ததும் புரிந்தது, எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். கையைக் கழுவிவிட்டு வந்து துண்டில் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"மூணாவது சரணத்துல ஒரு எழுத்த முழுங்கிட்டட்டி" என்றார்.

"ஆமாப்பா."

சுவரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, என்னிடம் எதையோ கடன் கேட்பவர்போல, மெதுவாகச் சொன்னார்.

"முதல்லருந்து வா."

எதிரே பாயை விரித்து உட்கார்ந்தேன். அவர் முழங்காலில் மூடி இல்லை, வெறும் விரலால் தட்டினார். என் பிள்ளைகள் வாசலிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் அன்று ஒருநாள் மட்டும், அந்த இடம் வந்ததும், நாலு பேருக்குக் கேட்கட்டும் என்று, செருமினேன்.